பனிக்கண்டம் போகும் பிள்ளைக்கு நாம் செய்யக்கூடியவை

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு நான்கு இளைஞர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தவர். சில ஆண்டுகளாக டிராக்டர், பொக்லைன் பழுது பார்த்து வருகிறார். மற்ற மூவரும் அவருடைய பள்ளித் தோழர்கள். அண்டார்டிகாவில் உள்ள இந்திய ஆய்வு நிலையத்துக்கு மெக்கானிக் வேலைக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பைப் பார்த்திருக்கிறார்கள். "எங்க தோழன் விண்ணப்பம் போடலாமா? நாங்க அவனுக்கு என்ன செய்யணும்?" என்பது அவர்கள் கேள்வி.

மறுநாள் அந்தத் தம்பியின் அம்மா தனியாக வந்தார். கணவரை இழந்தவர், ஒரே மகன். அவர் கேட்டது வேறு கேள்வி. "போனா நடுவுல வரவே முடியாதாமே. அந்த நேரத்துல எனக்கு ஒண்ணு ஆயிட்டா, மூணு பிடி மண்ணு போடக்கூட பிள்ளை வர முடியாதே?"

அந்தத் தாய்க்கு வெறும் ஆறுதல் சொல்லி அனுப்ப நமக்கு மனம் வரவில்லை. விசாரித்தோம், படித்தோம். நம் பகுதியில் வேறு பிள்ளைகளுக்கும் இது பயன்படும் என்பதால் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

யார் போகிறார்கள்?

1981 டிசம்பர் 6 அன்று கோவாவிலிருந்து 'போலார் சர்க்கிள்' என்ற நார்வே நாட்டுக் கப்பலில் 21 பேர் கொண்ட இந்தியக் குழு புறப்பட்டது. 1982 ஜனவரி 9 அன்று அண்டார்டிகாவில் கால் வைத்தது. இந்தியாவின் முதல் பனிக்கண்டப் பயணம் அதுதான். குழுவுக்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் சையத் ஜஹூர் காசிம். அலகாபாத்தில் 1926இல் பிறந்து, அலிகர் பல்கலைக்கழகத்தில் படித்த கடல் உயிரியல் அறிஞர். பின்னாளில் டெல்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் துணைவேந்தராகவும் இருந்தார்.

அவருக்கும் நம் மாவட்டத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. நம் மண்டபத்தில் 1947இல் தொடங்கப்பட்டது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். அந்த நிலையத்தின் இயக்குநராக 1970களின் தொடக்கத்தில் டாக்டர் காசிம் பணியாற்றினார். பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் பிறந்த ஒரு நிறுவனத்தை நடத்தியவர்தான், பத்தாண்டு கழித்து இந்தியக் கொடியைப் பனிக்கண்டத்துக்கு எடுத்துச் சென்றார்.

அதன்பின் 1983-84இல் 'தட்சிண கங்கோத்ரி' என்ற நிலையம் கட்டப்பட்டது. அது பனியில் புதைந்துபோகவே, பாறைத் தரையில் 1989இல் 'மைத்ரி' எழுந்தது. 2012இல் 'பாரதி' என்ற இன்னொரு நிலையமும் வந்தது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். வடதுருவப் பக்கம் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவில் 'ஹிமாத்ரி' என்ற இந்திய நிலையம் 2008 முதல் உள்ளது. கோவாவின் வாஸ்கோ நகரில் இருக்கும் தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம்தான் இவற்றையெல்லாம் நடத்துகிறது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்த ஆய்வு நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அதே நிறுவனம் மைத்ரியிலும் பூமியின் காந்தப்புலத்தை அளந்து வருகிறது. வடதுருவக் கடலுக்குள் 2014இல் இந்தியா இறக்கிய ஆய்வுக் கருவித்தொகுதியை உருவாக்கியதில் சென்னையின் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பெரும் பங்கு.

இவ்வளவு தொலைவு போய் என்ன ஆராய்கிறார்கள் என்று கேட்கலாம். பனியைத் துளைத்தெடுத்தால், அதற்குள் அடைபட்ட காற்றுக் குமிழிகள் பல லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய காற்று எப்படி இருந்தது என்று காட்டும். துருவத்தில் பனி உருகினால் கடல் மட்டம் உயரும். 1964 புயலில் தனுஷ்கோடியைக் கடலுக்குக் கொடுத்த மாவட்டம் நம்முடையது. கடல் மட்டம் என்பது நமக்கு வெறும் பாடப்புத்தகச் செய்தி இல்லை.

விஞ்ஞானிகள் மட்டுமா?

இல்லை. இதை நம் பிள்ளைகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நிலையத்தில் ஆண்டு முழுதும் தங்குவோர் இருபது, இருபத்தைந்து பேர். அவர்களில் விஞ்ஞானிகள் ஒரு பகுதிதான். ஜெனரேட்டர் நின்றால் வெளிச்சம் போகும், வெப்பம் போகும், தண்ணீர் உறையும். அதனால் டீசல் மெக்கானிக், வாகன மெக்கானிக், எலக்ட்ரீஷியன், வெல்டர், தச்சர், கிரேன் ஓட்டுநர், சமையற்காரர், டாக்டர், ஆண் செவிலியர் எல்லோரும் வேண்டும். ஒப்பந்த அடிப்படையிலான இந்த வேலைகளுக்குக் கோவா மையம் அவ்வப்போது அறிவிப்பு வெளியிட்டு நேர்காணல் நடத்துகிறது. படிப்பு, அனுபவம், வயது வரம்பு எல்லாம் அந்த அறிவிப்பிலேயே இருக்கும். அரசு மையத்தின் அதிகாரப்பூர்வ அறிவிப்பை மட்டும் நம்ப வேண்டும். இடைத்தரகர் யாருக்கும் இதில் வேலை இல்லை. "நான் அனுப்பி வைக்கிறேன்" என்று பணம் கேட்டால் அது ஏமாற்று. வளைகுடா விசா விஷயத்தில் நம் மக்கள் பட்டது போதும்.

பெண்களும் போகிறார்கள். 1983-84 பயணத்திலேயே சுதீப்தா சென்குப்தா, அதிதி பந்த் என்ற இரு பெண் விஞ்ஞானிகள் சென்றார்கள். இஸ்ரோவின் மங்களா மணி, தம் 56ஆம் வயதில் பாரதி நிலையத்தில் 403 நாட்கள் தங்கிப் பணியாற்றி 2017 டிசம்பரில் திரும்பினார். 23 பேர் கொண்ட அந்தக் குழுவில் அவர் ஒருவரே பெண்.

அரசு செய்து தருவது

தேர்வானவர்களுக்கு முதலில் கடுமையான மருத்துவப் பரிசோதனை. குளிர்காலம் முழுதும் தங்குகிறவர்களுக்கு டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் உடலையும் மனதையும் சோதிக்கிறார்கள். அடுத்து உத்தரகண்ட் மாநிலம் அவுலியில், இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் மலையேற்றப் பள்ளியில் பயிற்சி. பனியில் நடப்பது, கயிறு கட்டிக்கொள்வது, பனிப்பிளவில் விழுந்தவரை மீட்பது, கடுங்குளிரில் விரல்களைக் காப்பது எல்லாம் அங்கே கற்றுத் தருகிறார்கள்.

குளிருக்கான உடை, காலணி, தங்குமிடம், உணவு எல்லாவற்றையும் அரசே பார்த்துக்கொள்கிறது. பயணம் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் வழியாக. அங்கிருந்து விமானத்தில் போனால் ஆறு மணி நேரத்துக்குள் மைத்ரி அருகே உள்ள பனி ஓடுதளத்தில் இறங்கிவிடலாம். கப்பல் என்றால் பல நாட்கள். விதை, மண், செடி எதையும் கொண்டுபோகக் கூடாது. காலணியில் ஒட்டிய மண்ணைக்கூடச் சுத்தம் செய்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். அங்கே சேரும் குப்பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

ஆகவே கம்பளி வாங்கவோ டிக்கெட்டுக்கோ நண்பர்கள் வசூல் செய்யத் தேவையில்லை. அப்படியானால் நண்பர்களுக்கு என்ன வேலை? அரசு எட்டாத இடம் ஒன்று இருக்கிறது. அது வீடு.

அம்மாவின் கேள்விக்கு நேரான பதில்

அந்தத் தாய் கேட்டது சரி. மறைக்க ஒன்றுமில்லை. மார்ச் வாக்கில் கடைசிக் கப்பலும் விமானமும் திரும்பிவிடும். மறுபடி வழி திறப்பது நவம்பர் வாக்கில்தான். இடைப்பட்ட எட்டு மாதத்தில் மைத்ரியில் ஏறத்தாழ இரண்டு மாதம் சூரியனே உதிக்காது. செயற்கைக்கோள் வழியே பேசலாம், செய்தி அனுப்பலாம். ஆனால் வீட்டில் மரணம் நேர்ந்தாலும் அவரால் வர முடியாது. கோடையில் மட்டும் போய் மூன்று, நான்கு மாதத்தில் திரும்புகிற பணிகளும் உண்டு. ஆனால் இந்தத் தம்பி பார்த்த வேலை ஆண்டு முழுதும் தங்குகிற வேலை.

இது நமக்கு முற்றிலும் புதிதா? சபர் போவது நம் மக்களுக்குப் பழகிய ஒன்று. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் பாட்டனார்கள் போனார்கள். வளைகுடாவுக்கு அத்தாக்களும் அண்ணன்களும் போனார்கள். பெற்றவர் மௌத்தான செய்தியைத் தந்தியில் படித்து, தனியறையில் அழுதுவிட்டு மறுநாள் வேலைக்குப் போனவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அப்போதெல்லாம் அந்தக் குடும்பத்தைத் தாங்கியவர்கள் பக்கத்து வீட்டாரும் தோழர்களும்தான். ஆனால் பெரும்பாலும் முன்னேற்பாடு இல்லாமல், வந்தபோது வந்தபடி தாங்கினார்கள். இந்தத் தடவை அதையே முன்கூட்டிப் பேசி, எழுதி வைத்துச் செய்யலாம் என்பதுதான் நாம் சொல்ல வருவது.

கண்ணாடி பிடித்த மெக்கானிக்

மைத்ரிக்கு அருகில் நோவோலாசரேவ்ஸ்கயா என்ற ரஷ்ய நிலையம் இருக்கிறது. 1961இல் அங்கே 13 பேர் குளிர்காலத்துக்குத் தங்கியிருந்தார்கள். அவர்களில் ஒரே டாக்டர் 27 வயது லியோனிட் ரோகசோவ். அவருக்கே குடல்வால் அழற்சி வந்துவிட்டது. வெளியிலிருந்து உதவி வர வழியில்லை. ஏப்ரல் 30 இரவு அவர் தம் வயிற்றைத் தாமே கீறி, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் குடல்வாலை வெட்டி எடுத்துத் தைத்தார். பிழைத்து, இரண்டு வாரத்தில் வேலைக்கும் திரும்பினார்.

உலகம் அந்த டாக்டரின் துணிச்சலைப் பேசுகிறது. பேசத்தான் வேண்டும். ஆனால் அன்று அவர் தனியாக இல்லை. கருவிகளை எடுத்துக் கொடுத்தவர் ஒரு வானிலையாளர். வயிறு தெரியும்படி கண்ணாடியும் விளக்கும் பிடித்து நின்றவர் ஒரு மெக்கானிக். மயங்கினால் என்ன மருந்து கொடுப்பது, எப்படி மூச்சு கொடுப்பது என்று டாக்டர் முன்பே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அவர்களில் யாரும் மருத்துவம் படித்ததில்லை. என்ன செய்ய வேண்டும் என்று முன்பே தெரிந்திருந்ததால் கை நடுங்கினாலும் வேலை நடந்தது.

ஊரில் இருக்கும் நண்பர்களின் வேலையும் இதுபோன்றதுதான். பெரிய அறிவோ பெரும் பணமோ வேண்டாம். எதை எப்போது பிடித்துக்கொண்டு நிற்பது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

நண்பர்கள் செய்யக்கூடிய ஆறு காரியங்கள்

முதலாவது, காகிதங்கள். நம் பிள்ளைகளின் பெயர் பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமாகவும், ஆதாரில் ஒரு விதமாகவும், பாஸ்போர்ட்டில் வேறு விதமாகவும் இருப்பது வழக்கமான தொல்லை. 'முகமது' என்பதையே ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுகிறோம். நேர்காணல் அறிவிப்பு வந்தபின் திருத்த ஓடினால் நேரம் போதாது. கணினி தெரிந்த ஒரு நண்பர் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, இப்போதே திருத்தத்துக்குக் கொடுக்க வேண்டும். முதலாளிகளிடம் அனுபவச் சான்று வாங்குவதும் இதில் சேரும்.

இரண்டாவது, உடம்பு. தினமும் சேர்ந்து நடக்க, ஓட ஒரு துணை வேண்டும். தனியாக ஓடுகிறவர் பத்தாம் நாள் நின்றுவிடுவார். முக்கியமாகப் பல். அங்கே பல் டாக்டர் தனியாக இருக்கமாட்டார். சொத்தைப் பல்லை இங்கேயே பார்த்துவிட வேண்டும். புகைப் பழக்கம் இருந்தால் அதை விட வைப்பதும் நண்பர்கள் பொறுப்பு.

மூன்றாவது, கடன். ஹஜ்ஜுக்குப் போகிறவர் கொடுக்கல் வாங்கலைத் தீர்த்து, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுப் புறப்படுவது நம் வழக்கம். அதே ஒழுங்கு இதற்கும் பொருந்தும். யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடம் வர வேண்டும் என்பதை எழுதி, சாட்சி வைத்து வீட்டில் கொடுக்க வேண்டும். நகைக்கடன் இருந்தால் அதன் தவணை தேதி மிக முக்கியம். கெடு தாண்டினால் நகை ஏலத்துக்குப் போய்விடும். மீட்டுவிட்டுப் போவது நல்லது. முடியாவிட்டால் புதுப்பிக்கும் பொறுப்பை ஒரு நண்பர் பெயர் சொல்லி ஏற்க வேண்டும்.

நான்காவது, வீட்டு நிர்வாகம். வங்கிக் கணக்கில் அம்மாவின் பெயரைச் சேர்ப்பது, வாரிசு நியமனம் சரிபார்ப்பது, ரேஷன் கடையில் அம்மாவின் கைரேகை பதிகிறதா என்று பார்ப்பது, கரண்ட் பில், கேஸ் முன்பதிவு, விதவை உதவித்தொகை. இவை சின்ன விஷயங்கள். ஆனால் தனியாக இருக்கும் ஒரு தாயை அலைக்கழிப்பவை இவைதான்.

ஐந்தாவது, அம்மாவின் உடல்நலம். அவருக்குச் சர்க்கரையா, ரத்த அழுத்தமா, என்ன மாத்திரை என்பது ஒரு தாளில் இருக்க வேண்டும். நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் யாருக்குப் போன் செய்வது? அவர் ஊரில் இல்லையென்றால் அடுத்தவர் யார்? கமுதி அரசு மருத்துவமனையில் பார்க்க முடியாவிட்டால் ராமநாதபுரத்துக்கா, மதுரைக்கா? யாருடைய வண்டி? கூடவே தங்கப் போகும் பெண் துணை யார்? ஐந்து கேள்விக்கும் பெயர் வேண்டும். "நாங்க எல்லாரும் இருக்கோம்" என்பது பதில் ஆகாது. எல்லோரும் என்றால் யாரும் இல்லை என்றாகிவிடும்.

ஆறாவது, சொல்லக் கடினமானது. கெட்ட செய்தியை யார் சொல்வது, எப்படிச் சொல்வது? அங்கே இருப்பவர் இருட்டில், இருபது பேரோடு அடைபட்டு இருப்பார். வாட்ஸ்அப் குழுவில் எவரோ போட்ட செய்தியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. ஒரே ஒருவர் பேச வேண்டும். அதற்கு முன் நிலையத் தலைவருக்கோ டாக்டருக்கோ கோவா மையம் வழியாகத் தகவல் போக வேண்டும். அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். மறைக்கவும் கூடாது. மறைத்துத் திரும்பி வந்தபின் சொன்னால், அவர் உங்களை ஆயுளுக்கும் நம்பமாட்டார். இதைப் புறப்படுமுன் தாயும் மகனும் முகம் பார்த்துப் பேசி முடிவெடுக்க வேண்டும். பேசக் கூசினால் ஒரு பெரியவர் உடனிருக்கட்டும்.

இவற்றோடு ஒரு இனிய வேலையும் உண்டு. ஜூன் 21 அன்று தென்துருவத்தில் குளிர்காலத்தின் நடுநாள். அன்று எல்லா நாட்டு நிலையங்களும் ஒன்றுக்கொன்று வாழ்த்து அனுப்பிக் கொண்டாடுகின்றன. நண்பர்கள் கையால் எழுதிய கடிதங்களை ஒட்டிய உறையில் போட்டு, "ஜூன் 21க்கு முன் பிரிக்காதே" என்று எழுதிக் கொடுத்தனுப்பலாம். தெருவின் படம், அம்மாவின் குரல் பதிவு, பெருநாள் காலையின் சத்தம் இவற்றுக்கு எடையும் இல்லை, தடையும் இல்லை.

தொழுகையும் நோன்பும்

சூரியன் மறையாத நாட்களிலும் உதிக்காத நாட்களிலும் தொழுகை நேரம் எப்படி என்று பலர் கேட்கிறார்கள். இரவும் பகலும் பிரிந்து தெரிகிற பக்கத்து ஊரின் நேரத்தையோ மக்காவின் நேரத்தையோ கணக்காக வைத்துக்கொள்ளலாம் என்பது மார்க்க அறிஞர்கள் தரும் வழி. புறப்படுமுன் நம் ஆலிம்களிடம் கேட்டு, ஒரு நேர அட்டவணையை எழுதிக்கொண்டு போவது நல்லது. உணவு விஷயத்தையும் குழுவின் சமையற்காரரிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் சங்கடம் இருக்காது.

உதவியின் பெயர் தாங்கிய படகு

1914இல் எர்னஸ்ட் ஷாக்கிள்டன் என்பவர் பனிக்கண்டத்தைக் குறுக்கே கடக்கப் புறப்பட்டபோது பலர் பொருளுதவி செய்தார்கள். அவர்களில் ஒருவர் ஜேம்ஸ் கெயர்டு என்ற சணல் ஆலை அதிபர். நன்றிக்காகத் தம் படகு ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தார் ஷாக்கிள்டன். பனி நெருக்கிக் கப்பல் மூழ்கியது. 1916இல் ஆறு பேர் அந்தச் சிறு படகில் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் கடல் கடந்து போய் உதவி கொண்டுவந்தார்கள். கப்பலில் சென்ற 28 பேரும் உயிர் பிழைத்தார்கள். புறப்படுமுன் ஒருவர் செய்த உதவி, அவர் பெயரைத் தாங்கிய படகாகவே நடுக்கடலில் கைகொடுத்தது.

நம் அலுவலகத்தில் அந்த நான்கு இளைஞர்களையும் அம்மாவையும் மறுபடி ஒன்றாக உட்கார வைத்தோம். மேலே சொன்ன ஆறு காரியங்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயரும் போன் எண்ணும் போட்டோம். ஆறாவது வரிக்கு வந்தபோது யாரும் பேசவில்லை. கடைசியில் அம்மாதான் பேசினார். "நான் மௌத்தாப் போனா இவனுக அடக்கிருவானுக. என் பிள்ளைகிட்ட உடனே சொல்லிருங்க. அழுது முடிச்சுட்டு வேலையப் பாக்கட்டும்." பிறகு தோழர்களைப் பார்த்து, "மூணு பிடி மண்ணு நீங்க போடுங்கப்பா" என்றார். அந்த வரிக்கு எதிரே மூவரும் பெயர் எழுதினார்கள்.

தம்பி விண்ணப்பம் அனுப்பிவிட்டார். தேர்வாவது இறைவன் நாட்டம். தேர்வாகாவிட்டாலும் அந்தத் தாள் வீணில்லை. சவூதிக்கோ சிங்கப்பூருக்கோ பிள்ளையை அனுப்பியிருக்கும் எந்த வீட்டுக்கும் அது பொருந்தும். அதன் நகல் நம் அலுவலகத்தில் இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் எழுத மூன்று நண்பர்களையும் கூட அழைத்து வாருங்கள்.